கல்லுக்கு மேல் டெஸ்லா சுருள்: பொறி இடைவெளியா, மொஸ்பெற்றா?

என் வளவில் எர்த் கம்பி ஒன்றரை அடிக்குக் கீழே இறங்காது. அலவாங்கால் குத்தினால் ‘ணங்’ என்று கேட்கும். கீழே சுண்ணக்கல். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பல வளவுகளின் கதை இதுதான். டெஸ்லா சுருள், அதாவது காற்றில் மின்பொறி பாயவைக்கும் உயர் அழுத்தச் சுருள், செய்யக் கிளம்பியபோது இந்தக் கல்லை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பொறி எத்தனை அடி பாயும், எந்த ரான்ஸ்போமர் கிடைக்கும் என்றுதான் மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். பொறி இடைவெளி வகை, மொஸ்பெற் (மின்னோட்டத்தை வேகமாகத் திறந்து மூடும் திரான்சிற்றர்) வகை என்ற இரண்டையும் செய்து, ஒன்றைக் கைவிட்டு மற்றதை வைத்திருப்பவன் என்ற வகையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மொஸ்பெற் பக்கம். காரணம் பொறியின் நீளமில்லை, காலுக்குக் கீழே உள்ள நிலம்.

நிக்கொலா டெஸ்லா 1891இல் உருவாக்கியது பொறி இடைவெளி வகை. உயர் அழுத்த ரான்ஸ்போமர் ஒன்று வீட்டுக் கரண்டைச் சில ஆயிரம் வோல்ட்டுக்கு ஏற்றிக் கொள்ளளவியை (மின்னைத் தேக்கிவைக்கும் கப்பாசிற்றர்) நிரப்பும். போதிய அழுத்தம் வந்ததும் இடைவெளியில் பொறி பாயும். அந்தக் கணத்தில் கொள்ளளவியும் தடித்த முதற்சுருளும் சேர்ந்து அலையத் தொடங்கும். அதே அதிர்வெண்ணுக்கு இசைந்த துணைச்சுருளில் அழுத்தம் லட்சக்கணக்கான வோல்ட்டுக்கு ஏறிவிடும். மொஸ்பெற் வகையில் அந்த ரான்ஸ்போமரும் இல்லை, இடைவெளியும் இல்லை. 230 வோல்ட்டை நேரோட்டமாக்கி, இரண்டு மொஸ்பெற்றுகளை மாறி மாறித் திறந்து மூடி, துணைச்சுருளின் சொந்த அதிர்வெண்ணிலேயே முதற்சுருளை ஓட்டுகிறோம். ஊஞ்சலை ஒரேயடியாக ஓங்கித் தள்ளிவிட்டு விலகி நிற்பது முதலாவது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அளவாகத் தள்ளிக்கொண்டே இருப்பது இரண்டாவது.

ஒற்றைத் திரான்சிற்றரும் 12 வோல்ட்டும் வைத்துச் செய்யும் குட்டிச் சுருளை நான் இங்கே சேர்க்கவில்லை. பாடசாலைக் கண்காட்சியில் ரியூப் லைற்றைக் கையில் பிடித்து எரியவைக்க அது போதும். பிள்ளைகள் அதிலிருந்து தொடங்குவதுதான் நல்லது.

துணைச்சுருள் இரண்டுக்கும் ஒன்றுதான். நான் சுற்றியது 90 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாயில், 30ஆம் நம்பர் எனாமல் கம்பியில், ஏறத்தாழ ஆயிரம் சுற்று. கம்பி 280 மீற்றர் வரும், நிறை 200 கிராம். யாழ்ப்பாணத்தில் இந்தக் கம்பிக்கு அலையத் தேவையில்லை. தோட்டமெல்லாம் கிணற்றுத் தண்ணீரில், கிணறெல்லாம் பம்பியில். ஆகவே மோட்டார் சுற்றும் கடை எந்தச் சந்தியிலும் இருக்கும். கிலோக் கணக்கில் நிறுத்துத் தருவார்கள், வார்னிஷும் அங்கேயே. ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாமல் சுற்ற எனக்கு இரண்டு பின்னேரம் போனது. மேலே சைக்கிள் ரியூபுக்கு அலுமினியத் தாள் ஒட்டி வளையம் செய்துகொண்டேன். எல்லாம் சேர்த்து அதிர்வெண் 270 கிலோஏட்சுக்குக் கிட்ட வந்தது.

சத்தத்தில் போட்டியே இல்லை. பொறி இடைவெளி செக்கனுக்கு நூறு முறையாவது வெடிக்கும். கதவைப் பூட்டினாலும் ஒழுங்கைக்குக் கேட்கும். அந்த இடைவெளியை வெறுங்கண்ணால் பார்க்கவும் கூடாது, வெல்டிங் வெளிச்சத்தைப் போல அதிலும் புறஊதாக் கதிர் உண்டு. அழகு என்று பார்த்தால் முதல் வகைதான். நீலமும் ஊதாவுமாகக் கிளைவிட்டு, முறுகிப் பாயும். மொஸ்பெற் சுருளின் பொறி தடித்த, வாள் போன்ற சுவாலை. 555 என்ற ரைமர் ஐ.சி. வைத்து விட்டுவிட்டு ஓட்டினால் ஓரளவு கிளைக்கும், அவ்வளவுதான். என் முதல் சுருள் ஒரு முழத்துக்கு மேல் பாய்ந்தது. இப்போதையது ஒரு சாண் தாண்டினால் சந்தோஷம். இதை ஒளிக்கத் தேவையில்லை.

இனி நிலத்துக்கு வருவோம். மேலே வளையத்திலிருந்து காற்றுக்குள் போகும் மின்னோட்டம் திரும்பி வரவேண்டிய இடம் துணைச்சுருளின் அடி நுனி. அந்த அடி நுனியை நிலத்துக்குக் கொடுக்கிறோம். நிலம் சரியில்லையென்றால் அடி நுனியிலும் அழுத்தம் ஏறி, அங்கிருந்து முதற்சுருளுக்குப் பொறி பாயும். அதோடு அந்த மின்னோட்டம் வீட்டு வயரிங்குக்குள்ளும் போய்விடும். பொறி இடைவெளிச் சுருளில் உச்சக் கணத்தில் அடி நுனியில் ஓடுவது சில அம்பியர். என்னுடையதற்குக் கணக்குப் போட்டால், மேலே 2 லட்சம் வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 5 அம்பியருக்குச் சற்று மேல் வரும்.

கம்பி இறங்காததால் முதலில் நான் செய்த பிழை, வீட்டு எர்த்திலேயே கட்டியது. 50 ஏட்சுக்கு அது அருமையான எர்த். ஆனால் 10 மீற்றர் நீளக் கம்பிக்கு ஏறத்தாழ 15 மைக்ரோஹென்றி தூண்டல் இருக்கும், அதிர்வெண் ஏற ஏற அது மின்னோட்டத்தைக் கூடத் தடுக்கும். 50 ஏட்சில் அது ஒன்றுமில்லை, 270 கிலோஏட்சில் 25 ஓம். ஐந்து அம்பியர் போனால் நூறு வோல்ட்டுக்கு மேல், வீட்டில் எர்த் பிடித்த ஒவ்வொரு சாமானிலும். இந்தக் கணக்கை நான் போட்டது என் இணையப் பெட்டி செத்த பிறகு. அடுத்த நாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமி கூப்பிட்டார்: “தம்பி, நீங்கள் அதைப் போட்டவுடன எங்கட ரி.வி. நிண்டு போகுது. என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ.”

பம்பி திருத்த வந்த அண்ணை ஒரு யோசனை சொன்னார். “கல்லுக்குள்ள எர்த் தேடாதேங்கோ. கிணத்துப் பம்பிக் குழாயில கட்டுங்கோ, நேர தண்ணிக்குள்ளதானே போகுது.” கேட்க நல்ல யோசனை. தயவுசெய்து யாரும் செய்யவேண்டாம். நாங்கள் சுருளை ஓட்டும் நேரத்தில் ஒருவர் ஈரக் கையோடு பம்பியைத் தொடலாம், கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கலாம். அந்தக் குழாய் அந்த நேரம் எத்தனை வோல்ட்டில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. கரியும் உப்பும் போட்டுக் குழி வெட்டுவது பழைய முறை. ஆனால் என் கிணறு பத்தடி தள்ளித்தான் இருக்கிறது. நாங்கள் குடிக்கும் தண்ணீர் இந்தச் சுண்ணக்கல்லுக்குள்தான் தங்குகிறது, அதற்குப் பக்கத்தில் நானே உப்பைக் கொட்ட மனம் வரவில்லை. கடைசியில் மூன்று கம்பிகளைச் சரிவாக இறக்கி, கல்லின் மேலுள்ள செம்மண்ணிலேயே படுக்கவைத்து, செப்புப் பட்டியால் இணைத்தேன். மாரியில் வேலை செய்தது. சோளகம் வீசி மண் காய்ந்ததும் அடி நுனியில் மறுபடி பொறி. ஓட்டுவதற்கு முன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றவேண்டியிருந்தது. பூங்கன்றுக்கு ஊற்றியதைவிட எர்த் கம்பிக்கு ஊற்றியது அதிகம்.

மொஸ்பெற் சுருளுக்கும் அடி நுனி உண்டு, அதற்கும் திரும்பும் பாதை வேண்டும். ஆனால் சக்தி சின்னச் சின்னத் தள்ளல்களாகப் போவதால் மேலே அவ்வளவு அழுத்தம் ஏறுவதில்லை. அடியில் ஓடுவதும் ஒன்றிரண்டு அம்பியரோடு நின்றுவிடும். அதற்கு ஆறடிக்கு ஆறடி கோழிக்கூட்டு வலையைச் சுருளுக்குக் கீழே விரித்து, ஒரு முழ நீளச் செப்புப் பட்டியால் கட்டியதே போதுமாக இருந்தது. நிலத்தைத் துளைக்கத் தேவையில்லை, வலையும் நிலமும் ஒரு கொள்ளளவியின் இரண்டு தகடுகள் போல, அதுவே பாதை. ஓடும்போது வலையில் யாரும் மிதிக்கக்கூடாது, அவ்வளவுதான். வலையை வீட்டு எர்த்தோடு சேர்ப்பதில்லை. கருவியின் உலோகப் பெட்டி மட்டும் வீட்டு எர்த்தில். பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவே பழைய போட்டோகொப்பி இயந்திரத்தில் கழற்றிய, மின் இரைச்சலைத் தடுக்கும் வடிகட்டி ஒன்று. இதற்குப் பிறகு மாமியின் ரி.வி. நின்றதில்லை. இதே வலையைப் பழைய சுருளுக்கும் போட்டுப் பார்த்தேன். அடி நுனிப் பொறி குறைந்தது, நிற்கவில்லை.

ஆபத்தில் எது குறைவு என்று கேட்டால் பதில் நேர்க்கோடாக இல்லை. பொறி இடைவெளிக்கு நான் பாவித்தது கழற்றிப்போட்ட நியோன் பலகையின் ரான்ஸ்போமர், 9000 வோல்ட், 30 மில்லிஅம்பியர். கடைப் பலகைகள் எல்.ஈ.டி.க்கு மாறிய பிறகு இது அரிதாகத்தான் கிடைக்கும். அதனால் சிலர் மைக்ரோவேவ் அடுப்பு ரான்ஸ்போமரைத் தேடிப் போகிறார்கள். அதில் 2000 வோல்ட்தான், ஆனால் அரை அம்பியரும் மேலும் தரும். தொட்டவர் விலகுவதற்கு முன் கதை முடிந்துவிடும். நியோன் ரான்ஸ்போமரின் 30 மில்லிஅம்பியரும் ஆளைக் கொல்லப் போதும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றும் என்று நம்பவேண்டாம். ரான்ஸ்போமருக்கு அந்தப் பக்கத்தில் ஆள் மாட்டினால் இந்தப் பக்கத்து ட்ரிப் சுவிட்ச்சுக்குத் தெரியாது.

மொஸ்பெற் சுருளில் உயர் அழுத்த ரான்ஸ்போமர் இல்லை என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. 230ஐ நேரோட்டமாக்கினால் 325 வோல்ட். அதில் 470 மைக்ரோபரட் கொள்ளளவி வைத்தால் தேங்குவது ஏறத்தாழ 25 யூல். என் பொறிச் சுருளின் 10 நானோபரட் கொள்ளளவியில் உச்சத்தில் ஒரு யூல்கூட இல்லை! பிளக்கைக் கழற்றிய பிறகு கடிப்பது புதியதுதான். அதற்குக் குறுக்கே 100 கிலோஓம், 3 வாற் தடையொன்றை நிரந்தரமாகப் போட்டிருக்கிறேன். இரண்டு நிமிடத்தில் 30 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். அப்படியும் மீற்றர் வைத்துப் பார்க்காமல் கை வைப்பதில்லை. பழைய சுருளின் கொள்ளளவி பல பொலிபுரப்பிலீன் கொள்ளளவிகளைத் தொடராகக் கட்டியது, ஒவ்வொன்றுக்கும் 10 மெகாஓம் தடை.

உயர் அதிர்வெண் தோலின் மேலே ஓடிவிடும், ஒன்றும் செய்யாது என்ற கதையை இரண்டு வகைக்காரரும் சொல்வார்கள். பிழை. அந்த அதிர்வெண்ணை நரம்பு உணராது என்பதால் வலி தெரியாது, உள்ளே சதை வேகும். பொறியைக் கையில் வாங்குவது வீரமில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வளவுக்குள்ளேயே வரக்கூடாது. ரப்பர்ச் செருப்பு இந்த அழுத்தத்துக்குக் காப்பில்லை. அப்புறம், ஊர்க் கவனம் ஒன்று: கிடுகுக் கொட்டிலுக்குள்ளோ பனையோலை வேலிக்குப் பக்கத்திலோ ஓட்டவே வேண்டாம். நான் சீமெந்துத் தரையில், கதவு யன்னல் திறந்து, ஒரு வாளி மணலும் காபனீரொட்சைட்டு அணைப்பானும் வைத்து, பத்தடி தள்ளி நீண்ட வயரில் சுவிட்ச் வைத்து ஓட்டுகிறேன். ஓசோன் மணம் தடித்தால் நிறுத்திவிடுவேன். தனியாக ஒருபோதும் ஓட்டுவதில்லை.

பழுது என்று வந்தால் பழைய சுருளுக்குத்தான் புள்ளி. எது கெட்டது என்று கண்ணால் தெரியும். இடைவெளியின் செப்புத் துண்டுகளை அரம் போட்டுத் தேய்த்தால் சரி. வாடைக்காற்றின் ஈரத்தில் பச்சை பிடிக்கும், அதையும் தேய்த்துவிடலாம். மொஸ்பெற் போனால் ஒரு ‘டப்’ சத்தம், கூடவே அதை இயக்கும் ஐ.சி.யும் போயிருக்கும். நானே எட்டுக்கு மேல் வெடிக்கவைத்திருக்கிறேன். அதில் நான்கு என் முட்டாள்தனம், பழைய யூ.பி.எஸ். பெட்டிகளில் கழற்றியதைப் போட்டது. அவை 12 வோல்ட் பற்றரிக்கான மொஸ்பெற்றுகள், 55 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 500 வோல்ட் தாங்கும் ஐ.ஆர்.எப்.பி. 460 வாங்கிப் போட்ட பிறகு அமைதி. முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது தொடராக ஒரு 100 வாற் குண்டு பல்ப் போடுங்கள், ரி.வி. திருத்துபவர்கள் செய்வதுபோல. பிழை இருந்தால் பல்ப் எரியும், மொஸ்பெற் பிழைக்கும். நான் இந்தச் சுருளை இரண்டு மாரிதான் ஓட்டியிருக்கிறேன், அதுவும் சில நூறு வாற்றுக்குள். ஒரு கிலோவாற்றுக்கு மேல் போனால் வலை போதுமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்லமாட்டேன்.

பொறிச் சுருளைக் கழித்துவிடவில்லை. வடமராட்சி கிழக்கில் மணல் வளவு உள்ள ஒரு நண்பரிடம் கொடுத்தேன். இருவரும் சேர்ந்து எர்த் கம்பி இறக்கப் போனோம். அலவாங்கும் சுத்தியலும் கொண்டுபோயிருந்தேன். அவர் கம்பியை நிமிர்த்திப் பிடித்து, சும்மா ஆட்டி ஆட்டி அழுத்தினார். ஆறடிக் கம்பி கால் மணித்தியாலத்தில் உள்ளே, கீழே ஈர மணல். அன்றிரவு அவர் வளவில் அடி நுனியில் ஒரு பொறிகூட இல்லை. மேலே முழத்துக்கு முழம் பாய்ந்தது.