பழவேற்காட்டில் "ஏழு நாள் பாய்மரப் படகு" என்று யாராவது பணம் கேட்டால்

திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பழவேற்காடு ஏரியில் ஏழு நாள் பாய்மரப் படகு ஓட்டப் பழகலாம், ஆளுக்கு 16,500 ரூபாய், சாப்பாடும் தங்க இடமும் சேர்த்து. பிப்ரவரியில் நாங்கள் நான்கு பேர் 66,000 கட்டினோம். படகுக்கு 8,000 வீதம் இரண்டு படகுக்கு டெபாசிட் தனி. புகார் நடந்துகொண்டிருப்பதால் நடத்துபவரின் பெயரைப் போடவில்லை. ஏமாற்றிய முறையைத் தெரிந்து வைத்துக்கொண்டால், நாளைக்கு வேறு பெயரில் வந்தாலும் அடையாளம் தெரியும்.

முதலில் அனுமதி. மற்றதெல்லாம் பணம், இது உயிர். 2011 டிசம்பர் 25 அன்று இதே ஏரியில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. "அதெல்லாம் எடுத்துட்டாங்க சார், நம்மகிட்ட பர்மிஷன் இருக்கு" என்று சொல்லி, நடத்துபவர் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளைக் காட்டினார். ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் எண், மேலே மீன்வளத் துறை என்ற எழுத்து. வாங்கி முழுதாகப் படித்திருக்க வேண்டும். அது அவருடைய ஃபைபர் படகு மீன்பிடிக்கப் பதிவான சான்று. பயணிகளை ஏற்றுவதற்கும் பாய்மரப் படகை வாடகைக்கு விடுவதற்கும் அதில் ஒரு வரிகூட இல்லை. மாவட்ட நிர்வாகத்தின் கடிதம், தேதியோடும் படகின் பெயரோடும் கேளுங்கள். பறவைகள் சரணாலயப் பகுதி என்பதால் வனத்துறையின் ஒப்புதலும் கேளுங்கள். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. வடக்கே பூநாரை பார்க்கப் பாயிலேயே போகலாம் என்பவரிடம் அந்தப் பக்கத்து அனுமதி எங்கே என்று கேளுங்கள்.

இனி படகு. விளம்பரத்தில் இருந்த படம் வேஃபேரர் மாதிரி இரண்டு மூன்று பேர் உட்காரும் படகு. கரையில் கிடந்தவை லேசர் என்ற வகையில் இரண்டு பழைய படகுகள். லேசர் நல்ல படகுதான், பாய்மரப் படகு வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியதும் அந்த வகைதான். ஆனால் அது ஒரு ஆள் படகு. நான்கு பேருக்கு இரண்டு லேசர் என்றால் எப்போதும் இரண்டு பேர் கரையில் காத்திருக்க வேண்டும். பாதி நேரம் அங்கேயே போயிற்று.

அதைவிட முக்கியமானது அடிப்பலகை, படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்கத் தண்ணீருக்குள் இறக்கும் பலகை. பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான், பல இடங்களில் அதுவும் இருக்காது. லேசரில் இருப்பது டாகர்போர்டு, அதாவது மேலிருந்து கத்தி மாதிரி நேராகச் சொருகும் பலகை. முழுதாக இறக்கினால் படகுக்குச் சுமார் 80 செ.மீ. தண்ணீர் வேண்டும். சேற்றிலோ சிப்பி மேட்டிலோ தட்டினால் மடங்காது. படகு சட்டென்று நிற்கும், உள்ளே இருப்பவர் அணியத்தின் பக்கம், அதாவது படகின் முன்முனைப் பக்கம், தூக்கி எறியப்படுவார், பலகையோ அது நிற்கும் கூடோ உடையும். பாதி தூக்கி வைத்து ஓட்டினால் படகு பக்கவாட்டில் நழுவும், காற்றுக்கு எதிராக ஏறவே ஏறாது. இந்த மாதிரி ஆழமில்லாத ஏரிக்கு வேண்டியது தட்டினால் தானே மடங்கி மேலேறும் சென்டர்போர்டு. வேஃபேரரில் அதுதான், பலகையைத் தூக்கிவிட்டால் 20 செ.மீ. தண்ணீரில்கூட மிதக்கும். சுக்கானும் மடங்க வேண்டும். எங்களுக்குக் கொடுத்த ஒன்றில் மடங்கும் இடத்தில் போல்ட் போட்டு இறுக்கி வைத்திருந்தார்கள்.

பணம் கட்டும் முன்பு படகைக் கரையில் வைத்தே பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். லேசரின் உடல் எடை சுமார் 59 கிலோ, இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கலாம். நான்கு பேர் முக்கித் தூக்க வேண்டியிருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. பின்பக்க அடைப்பானைக் கழற்றி, அணியத்தை உயர்த்திப் பிடியுங்கள். எங்கள் படகில் இரண்டு வாளிக்குக் குறையாமல் கொட்டியது. பாய்மரம் நிற்கும் குழியைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், தண்ணீர் பெரும்பாலும் அங்கேதான் புகும். பாயின் தையலை நகத்தால் சுரண்டுங்கள். நூல் பொடிந்து வந்தால் வெயிலில் மக்கிவிட்டது. துணியைக் கசக்கினால் மொடமொடவென்று இருக்க வேண்டும், பழைய வேட்டி மாதிரி தொளதொளவென்று இருந்தால் அந்தப் பாய் காற்றுக்கு எதிராக இழுக்காது. பாயைப் பிடிக்கும் கயிறு 7, 8 மி.மீ. பாலியஸ்டராக இருந்தால் கைக்கு நல்லது. எங்களுக்கு வலைக்குப் போடும் மெல்லிய நைலான் கயிறு. அது ரப்பர் மாதிரி இழுபடும், இரண்டாவது நாளே விரல் மடிப்புகளில் தோல் கிழிந்துவிட்டது.

லைஃப் ஜாக்கெட்டை வெளியே இருந்து பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஜிப்பைத் திறந்து அமுக்கிப் பாருங்கள். ஒன்றுக்குள் உடைந்த தெர்மாகோல் துண்டுகள் சரசரத்தன. போட்டுக்கொண்டு, தோள்பட்டை வாரைப் பிடித்து இன்னொருவரைத் தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் தண்ணீரில் கழன்றுவிடும்.

இப்போது காற்று. இந்த ஏமாற்றின் நடு முள் அதுதான். காலை 6.30 முதல் 10.30 வரைதான் படகு என்றார். "காலையில தண்ணி ஆடாது சார், பழகறவங்களுக்கு அதான் சேஃப்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் விடியலில் மேற்கிலிருந்து மெல்லிய கரைக்காற்று இருக்கும், எட்டு ஒன்பது மணிக்குள் அது செத்துவிடும். கடற்காற்று எழுவது உச்சி நேரத்தை ஒட்டித்தான், மதியம் முழுக்க நிற்கும். பாய்க்கு வேண்டிய காற்று இருக்கிற நேரத்தில் அவருடைய ஆட்களும் இன்ஜின் படகும் வேறு சவாரிக்குப் போயிருப்பார்கள். நோட்டில் குறித்த கணக்குப்படி, ஏழு நாளில் பாய் உண்மையில் இழுத்தது ஆளுக்கு ஐந்து மணி நேரம் தேறாது.

சண்டை போட்டு இரண்டு மதியம் வாங்கினோம். அப்போதுதான் அடுத்தது புரிந்தது. கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். ஊரிலிருந்து கிளம்பினால் வடக்கே தானாகவே தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வர, காற்றுக்கு எதிராக இடமும் வலமுமாக வெட்டி வெட்டி ஏற வேண்டும். தொளதொளத்த பாயையும் பாதிப் பலகையையும் வைத்துக்கொண்டு அது முடியாது. கைகாட்டினால் ஃபைபர் படகு வரும், கயிறு கட்டி இழுக்கும், தடவைக்கு 700 ரூபாய் "டோ சார்ஜ்". காலையில் காற்று செத்து நின்ற நாட்களையும் சேர்த்து ஆறு தடவை, 4,200 ரூபாய். பயிற்சி நடக்கும்போது கூடவே ஒரு பாதுகாப்புப் படகு நிற்பது எந்த ஒழுங்கான இடத்திலும் கட்டணத்துக்குள் அடங்கியது.

அந்த ஊர் மீனவர்களின் வலைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தராததை இன்னும் மன்னிக்க முடியவில்லை. பழவேற்காட்டில் பாடு முறை உண்டு. சீட்டுப் போட்டு, முறை வைத்து, யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று பிரித்துக்கொள்வார்கள். தண்ணீருக்கு மேல் வரிசையாகக் கழிகள் தெரிந்தால் அது ஒருவருடைய அன்றைய பிழைப்பு. டாகர்போர்டு மாட்டினால் வலை கிழியும், சுற்றிக்கொண்டு படகும் கவிழும். "தம்பி, பாடு கட்டியிருக்கு, மேலாண்ட ஒதுங்கிப் போ" என்று ஒரு பெரியவர் கத்தியிருக்காவிட்டால் நேராகப் போய் ஏறியிருப்போம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் மீனவர்களையே கடலுக்குப் போக வேண்டாம் என்று நிறுத்துவார்கள், அந்தத் தேதிகளையும் பார்த்துவிட்டுத்தான் வாரத்தை முடிவு செய்ய வேண்டும். முகத்துவாரம் பக்கம் பழகாத படகை விடவே கூடாது.

கடைசி நாளில் ஒரு டாகர்போர்டு உடைந்தது. டெபாசிட் இரண்டையும் பிடித்துக்கொண்டார். உடைந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தோம். முக்கால் பங்கு மங்கிய பழுப்பு நிறம், இடுக்கில் காய்ந்த சேறு, ஓரத்தில் பழைய பசை வழிந்து இறுகிய கோடு. கால் பங்குதான் புதிதாக உடைந்த வெளுப்பு. ஏற்கெனவே உடைந்து ஒட்டிய பலகை அது. முதல் நாளே பலகை, சுக்கான், பாய் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அவருடைய எண்ணுக்கே அனுப்பி வையுங்கள். நாங்கள் செய்யவில்லை.

இதே நிலையில் இருப்பவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. யுபிஐ ரசீது, விளம்பரப் படம், வாட்ஸ்அப் பேச்சு மூன்றையும் அழிக்காமல் வையுங்கள். தண்ணீரில் ஆபத்து என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554.

உடைந்த பலகையைத் திருப்பிக் கேட்டார், நாங்கள் கொடுக்கவில்லை. பழைய பசைக் கோடு தெரிகிற மாதிரி ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து மனுவோடு இணைத்திருக்கிறோம்.