வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை லடாக் வண்டி என்று விற்றார்கள்: 13,25,000 ரூபாய் போனது, எச்சரிக்கை

நாக்பூரில் ஒரு பட்டறைக் கொட்டகையில் வண்டியைப் போட்டுவிட்டு ரயிலில் கோயம்புத்தூர் வந்து சேர்ந்த கையோடு இதை எழுதுகிறேன். பழைய வண்டிகளை விற்கும் ஓர் இணையத் தளமும், நெடும்பயண வண்டிகளுக்குச் சாமான் பொருத்தித் தரும் அதன் துணைப் பட்டறையும் சேர்ந்து என்னிடம் 13,25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, 2023 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கி, முழு இழப்பு என்று காப்பீட்டில் கழிக்கப்பட்ட வண்டியைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். வழக்குப் போட இருப்பதால் பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். இதே வகைத் தளங்களில் இதே வகை வண்டி தேடுகிறவர்களுக்கு நடந்தது தெரிந்தால் போதும்.

எனக்கு என்ன வண்டி வேண்டும் என்பதில் குழப்பமே இருக்கவில்லை. தேசிய நெடுஞ்சாலை 44 வழியாக வடக்கே ஏறி, மணாலி, அடல் சுரங்கம், பாரலாச்சா லா, தங்லாங் லா கணவாய்கள் ஆகியவற்றைக் கடந்து லே சேர்ந்து, ஸ்ரீநகர் வழியாகத் திரும்புவது திட்டம். தங்லாங் லா 5,300 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். லாஹௌல் பகுதியில் தாண்டி பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதி வைத்திருந்த பலகையை அந்த வழியில் போனவர்கள் எல்லாரும் அறிவார்கள். அப்படிப்பட்ட பாதைக்குத் தனிச் சேஸிஸ் மீது பாடி ஏற்றிய, செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஏற உதவும் லோ ரேஞ்ச் கியர் உள்ள ஃபோர் வீல் டிரைவ் டீசல் வண்டிதான் சரி. அதிலும் 2020 ஏப்ரலுக்கு முந்தைய பி.எஸ்.-4 (பழைய புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டி வேண்டுமென்று தேடினேன், ஏனென்றால் பி.எஸ்.-6 டீசலில் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொண்டாலோ, புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்புளூ திரவம் பயன்படுத்தும் வண்டியில் அது தீர்ந்தாலோ, கிராமத்து மெக்கானிக் ஒருவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பி.எஸ்.-4 வேண்டுமென்றால் பழைய வண்டிதான். பழைய வண்டி என்றால் இந்தத் தளங்கள்தாம் முன்னே வந்து நிற்கின்றன.

விளம்பரத்தில் எல்லாமே பொருந்தியிருந்தன: 2018 மாடல், ஒரே உரிமையாளர், மீட்டரில் 62,000 கிலோமீட்டர், விலை 11,40,000 ரூபாய். இருநூறு அம்சங்களைச் சோதித்ததாகச் சொல்லும் அறிக்கையும், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஓராண்டு வாரன்டியும் கூடவே வந்தன. நகருக்கு வெளியே இருந்த அவர்களுடைய யார்டுக்குப் போனபோது, பரிசோதகர் என்று அறிமுகப்படுத்தப்பட்ட இளைஞர் ஒருவர் நான் கேட்பதற்கு முன்பே டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்து, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தது. "லடாக் போறீங்கன்னா அடி நல்லா இருக்கணும் சார், அதான் புதுசா அடிச்சிருக்கோம்" என்றார். பிறகு தான் பைக்கில் லே போன படங்களைக் கைப்பேசியில் காட்டினார். லே வழியிலுள்ள பாங் முகாமில் மூச்சுத் திணறி இரவெல்லாம் உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னார். எந்த டயர், எத்தனை கேன் டீசல் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். யார்டின் மண்மேட்டில் லோ ரேஞ்சைப் போட்டு ஏற்றிப் பார்க்கவும் விட்டார், வண்டி சத்தமில்லாமல் ஏறியது. இறங்கி நின்றபோது அவர் கதவைத் தட்டிக்கொண்டே சொன்ன வார்த்தை இன்னும் காதில் கேட்கிறது: "இந்த வண்டிய நானே எடுத்திருப்பேன் சார், கைல காசுதான் இல்ல." அன்று மாலையே பணத்தை அனுப்பினேன். பத்து அதிகாரிகள் முத்திரை வைத்துக் கொடுத்திருந்தாலும் அந்த ஒரு வாக்கியம் தந்த நம்பிக்கையைத் தந்திருக்க மாட்டார்கள் என்பதை அவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

மீதி 1,85,000 ரூபாய் சாமான்களுக்கு. கூரைக் கூடாரம், அதைத் தாங்கும் கேரியர், எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்றை இழுக்கும் ஸ்நார்க்கல் குழாய், முகாமில் குளிர்பெட்டிக்கும் விளக்குக்கும் இரண்டாவது பேட்டரியாக 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. வண்டியை யார்டிலிருந்து நேரே துணைப் பட்டறைக்கு அனுப்பினால் தள்ளுபடி உண்டு என்றார்கள். அங்கே பிராக்கெட் வரவில்லை, வெல்டர் வரவில்லை என்று நாளைக் கடத்தினார்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கத் தளம் அனுமதித்திருந்த ஏழு நாள் அவகாசம் முழுவதும் வண்டி அவர்களுடைய ஆட்களிடமே நின்றது. அது முடிந்த பிறகுதான் சாவி என் கைக்கு வந்தது. வண்டி ஓடும்போது கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டதற்கு "நூற்றைம்பது கிலோ தாராளமா தாங்கும்" என்ற பதில்தான் கிடைத்தது. வண்டியுடன் வந்த கையேட்டில் அந்தப் பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது!

ஆதிலாபாத் தாண்டி, நாக்பூருக்கு முன்னால், இரவு மழையில் டேஷ்போர்டு விளக்குகள் அத்தனையும் ஒன்றாக எரிந்தன. எஞ்சின் சக்தி இறங்கிக்கொண்டே வந்து நின்றது. லாரியில் ஏற்றி நாக்பூர் கொண்டுபோனோம். அங்கிருந்த மூத்த மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் ஓட்டுநர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். சாதாரணமாக வெளியே வராத அந்தக் கடைசிச் சாணில் சேற்றுக்கோடு இருந்தது. பிறகு தரைவிரிப்பைத் தூக்கினார். சீட் தண்டவாளத்துக்கு அடியில் நைசான வண்டல் படிந்திருந்தது, போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியின் இணைப்பைக் கழற்றியபோது ஊசிகளில் பச்சை பூத்திருந்தது. உள்ளேயிருக்கும் ஒயரிங் முழுவதையும், கணினிப் பெட்டியையும், ஏ.பி.எஸ். யூனிட்டையும் மாற்றினாலும் உத்தரவாதம் தர முடியாது என்று சொல்லிவிட்டார். ஸ்நார்க்கலை அசைத்துப் பார்த்தார். அது முன்பக்கத் தகட்டின் மேல் ஒட்டப்பட்டிருந்தது. தகட்டில் துளையே போடவில்லை, ஏர் ஃபில்டருக்கு ஒரு குழாயும் போகவில்லை. தண்ணீரில் மூழ்கிய வண்டிக்குத் தண்ணீர் புகாதிருக்க ஒரு பொம்மைக் குழாய்! லித்தியம் பேட்டரியைத் தராசில் வைத்தோம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஏறக்குறையப் பத்துக் கிலோ இருக்கும். இது ஐந்து கிலோகூட இல்லை.

இந்தக் கோளாறு சமவெளியில், ஒரு பெரிய ஊர் அருகில் இருந்தபோது வந்தது. தங்லாங் லாவில் சூரியன் மறைந்த பிறகு, குடும்பத்துடன் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த இளைஞர், தானே அந்த வழியில் போனவர், யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

சேஸிஸ் எண்ணைக் கொண்டு வண்டி நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் பழைய பதிவுகளை எடுத்தேன். 2023 டிசம்பர் இரண்டாவது வாரம், மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு, டேஷ்போர்டு வரை தண்ணீர் ஏறிய நிலையில் இழுத்து வரப்பட்டது என்று ஜாப் கார்டில் இருக்கிறது. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கணக்கிடப்படும். அப்படியே கணக்கிட்டு, கழிவு வண்டி எடுப்பவர் இழுத்துப் போனதோடு பதிவு முடிகிறது. எடுத்தவர் ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்றவே இல்லை. "ஒரே உரிமையாளர்" என்ற விளம்பரத்தின் இரகசியம் அதுதான்.

இந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு தளத்தைக் கேட்டேன். முதலில் உரையாடல் பெட்டியில் ஒரு இயந்திரம், தங்கள் மனவருத்தத்தைப் புரிந்துகொள்கிறோம் என்றது. அடுத்து வந்த பெண், வாரன்டி எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டுமே, மின்சாரக் கோளாறு அதில் சேராது என்றார். அவருக்கு மேலிருந்தவர், தண்ணீர் புகுந்ததால் ஏற்படும் சேதம் விலக்கு என்றார். தண்ணீர் புகுந்தது நீங்கள் விற்பதற்கு முன்பு என்றதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது. மறுநாள் மின்னஞ்சலில், வண்டியில் மாற்றங்கள் செய்திருப்பதால் வாரன்டியே செல்லாது என்று எழுதினார்கள். அந்த மாற்றங்களைச் செய்தது அவர்களுடைய துணைப் பட்டறை. ரசீதின் தலைப்பில் அவர்களுடைய சின்னமே இருக்கிறது. ரசீதை அனுப்பினேன். உடனே பல்லவி மாறியது: தளம் இடைத்தரகர் மட்டுமே, விற்றவர் வேறு, அவரை அணுகவும். விற்றவரின் எண் அணைக்கப்பட்டிருக்கிறது. பரிசோதகர் "வேலையை விட்டுப் போய்விட்டார்". இருநூறு அம்ச அறிக்கையை மீண்டும் புரட்டினால், வெள்ளப் பாதிப்பு என்ற வரிக்கு நேரே ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. "பொருந்தாது" என்று போட்டிருக்கிறது. 13,25,000 ரூபாய் வாங்கிக்கொண்டவர்கள் எழுதிய சொல் அது.

2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவர்களுடைய தளத்தில் அந்த அலுவலரின் பெயருக்குப் பதிலாக ஒரு பொது மின்னஞ்சல் முகவரி மட்டுமே இருக்கிறது; அதற்கு அனுப்பியவை திரும்பி வருகின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம் என்பதால் கோயம்புத்தூரிலேயே தாக்கல் செய்யப் போகிறேன்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போதைக்கு அவசரமாகச் சில மட்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். விடமாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். பணம் கொடுக்கும் முன்பு சேஸிஸ் எண்ணை வைத்து சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். விற்பவரின் பழைய பாலிசிகளைக் கேட்டு, பல ஆண்டு ஓடிய வண்டிக்கு நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) திடீரென்று பூஜ்ஜியமாகியிருந்தால் ஏன் என்று விசாரியுங்கள். புதிய அண்டர்பாடி கோட்டிங் அடித்த வண்டியைத் தொடாதீர்கள். டயரின் பக்கச் சுவரில் கடைசி நான்கு எண்கள் அது தயாரான வாரமும் ஆண்டும்; பேட்டரியை எடை போடுங்கள். திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடியும்வரை வண்டியை எந்தப் பட்டறையிலும் விடாதீர்கள். கூரைக் கூடாரம், கேரியர் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நாக்பூர் கொட்டகை வாடகை தனியாக ஏறிக்கொண்டிருக்கிறது, வழக்கறிஞருக்குக் காகிதங்களை இன்றே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.