மை லைஃப் ஆஸ் எ டாக்: பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

ஸ்வீடன் படம் என்றாலே இயக்குநர் இங்மார் பெர்க்மன் ஞாபகம் வந்து, யாராவது ஜன்னலோரம் நின்று சாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்று ஒதுங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் லாஸ்ஸே ஹால்ஸ்ட்ராம் 1985ல் எடுத்த இந்தப் படத்தை முதலில் சொல்வேன். இதிலும் சாவு இருக்கிறது, ஆனால் அதற்கு நடுவிலேயே பையன்கள் சேட்டை செய்துகொண்டிருக்கிறார்கள்.

கதை நடப்பது 1958, 59ல். இங்கெமாருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அம்மா தீராத நோயாளி, இரண்டு பையன்களின் ரகளையை அவளால் தாங்க முடியவில்லை. அதனால் அண்ணனை ஒரு பக்கம், இவனை ஸ்மோலாண்டில் கண்ணாடித் தொழிற்சாலை இருக்கும் கிராமத்துக்குத் தாய்மாமன் வீட்டுக்கு என்று பிரித்து அனுப்பிவிடுகிறார்கள். உயிருக்கு உயிரான நாய் சிக்கானையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். பையன் அழுவதில்லை. மைதானத்தின் குறுக்கே நடந்து போய் ஈட்டி பாய்ந்து செத்த ஆள், 1957 நவம்பரில் சோவியத் யூனியன் விண்வெளிக்கு அனுப்பிய நாய் லைகா என்று உலகத்து மோசமான செய்திகளையெல்லாம் எண்ணிப் பார்த்து, நம் கஷ்டம் அவ்வளவு மோசமில்லை என்று தேற்றிக்கொள்கிறான். லைகா பட்டினி கிடந்து செத்தது என்பது அவன் நினைப்பு. உண்மையில் ஏவிய சில மணி நேரத்திலேயே அது வெப்பம் தாங்காமல் இறந்துவிட்டது என்பது 2002ல்தான் வெளியே வந்தது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த இடங்கள் இன்னும் வலிக்கின்றன.

கிராமம் வந்ததும் படம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஒரே தேங்காய்ப் பாட்டை ரெக்கார்டில் போட்டுப் போட்டு மனைவியை வெறுப்பேற்றும் மாமா, எப்போது பார்த்தாலும் கூரையில் ஏறி ரிப்பேர் செய்யும் மனிதர், பச்சை முடிப் பையன், படுக்கையில் கிடந்தபடி உள்ளாடை கேட்டலாக்கைப் பையனை வாசிக்கச் சொல்லிக் கேட்கும் கிழவர் என்று ஊர் முழுக்கக் கிறுக்கர்கள். சிரிப்பு வருகிறது, சரி. ஆனால் இத்தனை பேரும் இவ்வளவு அன்பான கிறுக்கர்களாக இருப்பது கொஞ்சம் அடுக்கி வைத்த மாதிரிதான் தெரிகிறது.

படத்தைத் தூக்கி நிறுத்துகிறவள் சாகா என்ற சிறுமி. மெலிண்டா கின்னமன் நடித்திருக்கிறார். கால்பந்தும் குத்துச்சண்டையும் ஊரிலேயே நன்றாக ஆடுகிறவள், பெண் என்று தெரிந்தால் பையன்கள் டீமில் இருக்க முடியாதே என்பது அவள் கவலை. இவளுக்கும் இங்கெமாருக்கும் நடுவில் வருவதைக் காதல் என்று யாரும் சொல்வதே இல்லை. சண்டை, பொறாமை, மறுபடி சண்டை. அப்படி ஒரு சண்டையில்தான் நாயைப் பற்றிய உண்மையை அவள் போட்டு உடைக்கிறாள். அதற்கப்புறம் மாமா கட்டிய தோட்டத்துக் குடிலில் அவன் தன்னைப் பூட்டிக்கொண்டு நாய் மாதிரி குரைக்கும் காட்சியில் அன்டன் கிளான்செலியுஸ் என்ற அந்தச் சின்னப் பையன் செய்திருப்பதைப் பெரிய நடிகர்கள் பலரால் செய்ய முடியாது. இயக்கத்துக்கும் திரைக்கதைக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை.

தலைப்புக் கேள்விக்கு வருகிறேன். வளரும் வயதில் உடம்பைப் பற்றி வரும் சந்தேகங்களைப் படம் மூடி மறைப்பதில்லை, சிற்பி ஒருவருக்கு ஒரு பெண் மாடலாக நிற்கும் பகுதியும் உண்டு. எதுவும் கிளுகிளுப்புக்காக வைத்ததில்லை, ஆனாலும் நம் வீடுகளில் ரிமோட்டைத் தேடும் அப்பாக்கள் இருப்பார்கள். பதின்மூன்று வயதுக்கு மேல் என்றால் கூட உட்கார்ந்து பாருங்கள், கேள்வி வந்தால் பதில் சொல்லுங்கள். அதைவிடச் சின்னப் பிள்ளைகள் என்றால், ஸ்வீடனின் சிறுவர் எழுத்தாளர் அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் கதைகளை வைத்து இதே இயக்குநர் 1986ல் எடுத்த புல்லர்பி கிராமத்துப் பிள்ளைகளின் படம் போதும். அதில் பெரிதாக ஒன்றுமே நடக்காது, பிள்ளைகள் விளையாடுவார்கள், அவ்வளவுதான்.

முதல் காதல் மட்டும் போதும் என்கிறவர்கள் ராய் ஆண்டர்சனின் 1970 படமான ‘எ ஸ்வீடிஷ் லவ் ஸ்டோரி’யைத் தேடிப் பிடியுங்கள். இந்தப் படத்துக்கும் அதற்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரே, யோர்கன் பெர்சன். அங்கே பிள்ளைகள் மொபெட்டில் சுற்றிக் காதலிக்க, பெற்றவர்கள்தான் உடைந்து கிடப்பார்கள். படமாக எனக்கு அது ஒரு படி மேல், ஆனால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பதற்கு இங்கெமார்தான்.