காரை பெயர்ந்த வீடுகளைத் தேடி வரும் 'ரிப்பேர் இன்ஜினியர்': உஷாராக இருங்கள்

சென்னையில் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை வட்டாரத்தில் இருபத்தைந்து, முப்பது வருடப் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, வயதான அப்பா அம்மா அந்த வீட்டில் இருக்க, வேறெங்கோ வேலை பார்க்கும் பிள்ளைகளுக்காக. சீலிங்கில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால், சுவரில் சாய்வாக விரிசல் ஓடினால், உங்களைத் தேடி ஒருவர் வருவார். எங்களிடம் வந்தவர் 2023 மே மாதம் 1,90,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அதே வருடம் டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த சில நாட்களில், ஹாலில் அவர் பூசியதில் ஒரு பெரிய பாளம் அப்படியே தையல் மிஷின் மேல் விழுந்தது. அம்மா அந்த நேரம் சமையலறையில் இருந்தார். அவ்வளவுதான் எங்கள் அதிர்ஷ்டம்.

வீடு மடிப்பாக்கத்தில், அப்பா 1994ல் கட்டியது. கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு. அடியில் நல்ல களிமண். சித்திரை, வைகாசியில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊறி உப்பும். கட்டும்போது கலவைக்குப் போர் தண்ணீர்தான். எங்கள் தெருவில் அந்தத் தண்ணீர் உப்பு, டம்ளரில் வெள்ளையாகப் படியும். உப்பில் உள்ள குளோரைடுதான் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்; கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் அது உள்ள தண்ணீர் ஆகாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 சொல்கிறது. அந்தக் காலத்தில் தனி வீடு கட்டிய யார் இதையெல்லாம் சோதித்தார்கள்? ஆக வீட்டுக்கு இரண்டு தனித்தனி வியாதி. ஒன்று, சீலிங் கம்பியில் துரு. துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் கீழே இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கும். இன்னொன்று, களிமண் அசைவதால் வடகிழக்கு மூலைச் சுவரில் விரிசல். வந்த ஆள் இரண்டின் காரணத்தையும் தொடாமல் மேலோட்டமாக மூடிவிட்டார். நாங்கள் ஏமாந்த கதையின் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது.

அவர் வந்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் மின்கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸ். போன் செய்தால் அன்று மாலையே இரண்டு பேர், மஞ்சள் தொப்பி, சட்டைப் பையில் கம்பெனி அட்டை. ஒரு பெட்டியிலிருந்து குழல் மாதிரி ஒரு கருவியை எடுத்து ஸ்டூல் மேல் ஏறி சீலிங்கில் அழுத்தினார்கள். டக், டக் என்று சத்தம். அதுதான் ரீபவுண்ட் ஹேமர், இடித்துத் துள்ளும் அளவை வைத்து கான்கிரீட்டின் வலிமையைக் கணிக்கும் கருவி. "இருபதுக்குக் கீழ வருது மேடம், ஸ்லாப்புல உயிரே இல்ல. நைட்டு இந்த ரூம்ல அம்மாவைப் படுக்க வைக்காதீங்க" என்றார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கே பேரம் என்று ஒன்று நடக்கவே இல்லை.

அந்தக் கருவி உண்மையானதுதான், சோதனைதான் பொய். டிஸ்டம்பர் அடித்த பூச்சின் மேல் வைத்து அழுத்தினால் அது பூச்சின் கதையைத்தான் சொல்லும். பூச்சை எடுத்து, கான்கிரீட்டைத் தேய்த்துச் சமமாக்கி, அதன் மேல்தான் வைக்க வேண்டும். மேல்நோக்கிப் பிடிக்கும்போது அளவைத் திருத்திப் படிக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் அதிலிருந்து கணிக்கிற வலிமை 25 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அதற்கான இந்தியத் தரநிலையே சொல்கிறது. அதுவும் துருவைப் பற்றி அது எதுவுமே சொல்லாது.

அப்புறம் மதிப்பீடு. இரண்டு அறை, ஹால் மொத்த சீலிங்கும் 420 சதுர அடி, அடிக்கு 350 ரூபாய். சுவர் விரிசலுக்குள் எபாக்ஸி என்ற ஒட்டும் பிசினை ஏற்ற, ஓட்ட அடிக்கு 1,000 ரூபாய் வீதம் 43 அடி. பின்னால் வந்த பொறியாளர் சுத்தியலால் தட்டித் தட்டி, பொக்குச் சத்தம் வரும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு அளந்தபோது, உண்மையில் கெட்டுப்போன பரப்பு 70 சதுர அடிதான் வந்தது. மீதி 350 சதுர அடி நல்ல கான்கிரீட். அதற்கும் பணம் வாங்கியிருக்கிறார்கள், அதன் மேலும் எதையோ பூசியிருக்கிறார்கள்.

அறுபது சதவீதம் முன்பணம், மீதி பெயிண்ட் அடிக்கும் அன்று என்று பேச்சு. முதல் நாள் சீல் உடைக்காத டப்பாக்களை ஹாலில் வரிசையாக அடுக்கி, என்னை அழைத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த நாளிலிருந்து நான் அலுவலகத்தில். வேலை முழுக்க மதியத்துக்கு மேல், அம்மா கண்ணயரும் நேரத்தில். டப்பாக்கள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயிருக்க வேண்டும். விட்டுப்போன ஒரே ஒரு காலி டப்பாவில் அம்மா கற்பூரவல்லி வைத்திருந்தார். அதன் அடியில் காலாவதித் தேதி 2021 என்று இருந்தது.

கம்பியின் முகத்தை மட்டும் கொத்தி, ஒப்புக்குக் கம்பி பிரஷ் போட்டு, சிவப்பு ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்துவிட்டார்கள். கதவு ஜன்னல் கிரில்லுக்கு அடிக்கிற அதே பெயிண்ட். கம்பியின் பின்பக்கத் துரு அப்படியே. அதன் மேல் சாதாரண சிமெண்ட் கலவையை இரண்டு அங்குலம் வரை ஒரே தடவையில் அப்பியிருக்கிறார்கள். மேலே பட்டி, அதற்கு மேல் எமல்ஷன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். முட்டுக் கொடுக்கவே இல்லை. மேல் வீட்டில் குடித்தனம் இருக்கும்போது, ஸ்லாப்பின் அடிப்பக்கத்தைக் கொத்துகிறவன் ஒரு ஜாக்கிகூட வைக்கவில்லை என்றால் அவன் எவ்வளவு தைரியசாலி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பூசிய சிமெண்ட் இறுகத் தண்ணீர் காட்டவில்லையே என்று போனில் கேட்டேன். "சென்னை காத்துலயே ஈரம் இருக்கு மேடம், க்யூரிங் தேவையில்ல" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, நமக்கு வேர்த்துக் கொட்டுகிற ஊர். ஆனால் மே மாத வெயிலில், மின்விசிறி ஓடும் அறையில், பூச்சிலிருந்து தண்ணீர் ஆவியாகிற வேகத்துக்கு அந்த ஈரம் எந்த மூலைக்கும் போதாது. இப்போது கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலும் கலப்பு சிமெண்ட், அதில் போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும் என்பதுதான் விதி. பாலிமர் கலவை (பிசின் சேர்த்த ரிப்பேர் சிமெண்ட்) என்றால் முதலில் சில நாள் ஈரம், பிறகு காய விடுதல், நாள் கணக்கு மூட்டையிலேயே அச்சடித்திருக்கும். மூட்டையே வரவில்லை என்றால் எங்கே படிப்பது?

சுவர் வேலை இதைவிடக் கேவலம். விரிசல் நெடுக வரிசையாகப் பிளாஸ்டிக் நிப்பிள் (எபாக்ஸி உள்ளே போகும் சிறு குழாய்) ஒட்டி, கையால் இயக்கும் பம்ப்பை வைத்து ஒருவர் ஏதோ அழுத்திக்கொண்டிருந்ததை அம்மா பார்த்திருக்கிறார். பொறியாளர் வந்து ஒன்றை விரலால் இழுத்தார், கையோடு வந்துவிட்டது. பின்னால் ஓட்டையே இல்லை. துளை போடாமல் பட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் அப்படித்தான்.

துளை போட்டு நிஜமாகவே எபாக்ஸி ஏற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. எபாக்ஸி கல் மாதிரி இறுகிவிடும். ஓய்ந்துபோன விரிசலை அது ஒட்டும். களிமண் வீட்டு விரிசல் ஓய்வதில்லை, கோடையில் விரியும், மழையில் மூடும். எங்கள் வீட்டில் ஜூனில் சுலபமாகத் திறக்கும் பூஜை அறைக் கதவு டிசம்பரில் நிலையில் மாட்டும், மரம் ஊறியதால் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தோம். விரிசலை இறுக அடைத்தால் பக்கத்தில் புதுசாக ஒன்று விழும். 2024 கோடையில் இரண்டு விரல் தள்ளி அப்படியே விழுந்தது.

காரை விழுந்ததும் போன் செய்தேன். முதலில் புயல் காரணம் என்றார். அடுத்து "மண்ணு சரியில்ல மேடம், ஜாக்கெட்டிங் பண்ணணும், இன்னும் ரெண்டு லட்சம் ஆகும்" என்றார். பழையதைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் போடுவதைத்தான் ஜாக்கெட்டிங் என்பார்கள். பத்து வருட வாரண்டிக் காகிதத்தை நினைவுபடுத்தியதும், நீர்க்கசிவு இருந்தால் வாரண்டி கிடையாது என்ற கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். மொட்டை மாடிக் கசிவைப் பற்றி மே மாதம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. ரசீதில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தால் ரத்து என்று வந்தது. யார் வேண்டுமானாலும் அந்தத் தளத்தில் தேடலாம், உள்நுழையக்கூட வேண்டாம். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிட வேலை அது.

சரியான வேலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது இரண்டாவது முறைதான். ஒப்பந்த வேலை எடுக்காத, ஆலோசனைக்கு மட்டும் கட்டணம் வாங்கும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைப் பிடித்தோம். என்னைக் கேட்டால் முதல் செலவே இதுவாகத்தான் இருக்க வேண்டும். விற்க எதுவும் இல்லாதவர் பயமுறுத்த மாட்டார். அவர் முதலில் மொட்டை மாடியின் ஓடு இடுக்கையும் தண்ணீர் போகும் துவாரத்தையும் சரி செய்ய வைத்தார். பிறகுதான் கீழே முட்டு. கம்பியைச் சுற்றிக் கொத்தி, பின்னால் விரல் நுழையும் அளவுக்கு இடம் எடுத்தார்கள். புதிதாகக் கொத்திய இடத்தில் பினாப்தலின் தெளித்தார், பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த அதே திரவம். நல்ல கான்கிரீட்டில் இளஞ்சிவப்பு வரும், கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை போன இடத்தில் நிறமே வராது. எங்கள் ஸ்லாப்பில் கம்பி இருக்கும் ஆழம் வரை நிறம் வரவில்லை.

கம்பியைச் சுத்தம் செய்து, விட்டம் அளக்கும் வெர்னியர் கருவியை வைத்தார். 8 மில்லிமீட்டர் கம்பி சில இடத்தில் 6 ஆகியிருந்தது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்றேன். விட்டம் கால்பங்கு குறைந்தால் குறுக்குவெட்டுப் பரப்பில் 44 சதவீதம் போய்விடுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அங்கெல்லாம் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டினார்கள். அதன் பிறகு துருத்தடுப்புப் பூச்சு, பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான பூச்சு, அடுக்கு அடுக்காகப் பாலிமர் கலவை. ஒவ்வொரு அடுக்கையும் மூடும் முன் எனக்குப் படம் வந்தது. படம் வந்த பிறகே அந்தக் கட்டத்துக்கான பணம் போனது, இதைத் தாளில் எழுதியே தொடங்கினோம்.

சுவருக்கு அவர் உடனே எதுவும் செய்யவில்லை. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார், குறுக்கே அகலத்தைக் குறித்தார். மூலையில் மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் அடியில் உடைந்து, மழைக்கு மழை அஸ்திவார ஓரத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தது. மற்ற பக்கம் காய, அந்த மூலை மட்டும் ஊற, களிமண் ஒரே சீராக அசையவில்லை. குழாயைத் தெரு வடிகாலுக்குத் திருப்பினோம், வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவாகச் சிமெண்ட் தளம் போட்டோம். ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்துவிட்டு, நெளிந்து கொடுக்கும் சீலன்ட்டால் விரிசலை அடைத்தார்கள். பொறியாளர் கட்டணம் உட்பட எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் முடிந்தது. அம்மா இன்னும் அந்தத் தொகையை நம்பவில்லை, நான் பாதியை மறைக்கிறேன் என்று நினைக்கிறார்.

பணத்தை மீட்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த வேலைக்கு மனுக் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழி தெரியாவிட்டால் 1915 என்ற உதவி எண் இருக்கிறது. வாட்ஸ்அப் பேச்சு, வங்கிப் பரிமாற்றம், விழுந்த காரையின் படம், பொறியாளரின் அறிக்கை இவைதான் எங்கள் ஆதாரம். காரை விழுந்ததும் பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். அதை எடை போட்டு, கனத்தை அளந்து, ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, ஒரு துண்டைச் சாக்கில் கட்டி வையுங்கள்.

மனு நிலுவையில் இருப்பதால் கம்பெனி பெயரை இங்கே போடவில்லை. போட்டாலும் உபயோகமில்லை, கீழ்க்கட்டளைப் பக்கம் போன மாதம் அதே செல் எண்ணோடு வேறு பெயரில் நோட்டீஸ் பார்த்தேன். ஆளை அடையாளம் காண வேண்டுமானால் இவ்வளவுதான்: பூச்சின் மேலேயே ஹேமர் வைப்பார், கசிவைப் பற்றிப் பேசமாட்டார், முட்டு எதற்கு என்று கேட்பார், டப்பாவோடு உங்களைப் படம் எடுக்கச் சொல்வார்.