கரடி ஸ்ப்ரே: வாங்கலாம், ஆனால் உறையைப் பார்த்து வாங்குங்கள்

கரடி நடமாடும் காட்டில் நடப்பவர்களுக்கு விற்கும் சாமான்களில், கொடுத்த காசுக்கு மதிப்புள்ளது, பாயும் கரடியின் முகத்தில் மிளகாய்க் காரத்தைப் பீச்சும் இந்தக் குப்பிதான். கரடிக்குச் சத்தம் கேட்கட்டும் என்று மணி கட்டிக்கொண்டு போவதெல்லாம் சும்மா. வாய்விட்டுப் பேசிக்கொண்டே போவது அதைவிட மேல்.

லேபிளில் கேப்சைசின் வகைகள் (மிளகாயின் காரப் பொருள்) 1 முதல் 2 சதவீதம், குறைந்தது 225 கிராம், 6 விநாடிப் பீச்சு, 7.5 மீட்டர் தூரம் இருக்கிறதா பாருங்கள். ஆட்களுக்கு எதிராக விற்கும் சின்ன மிளகு ஸ்ப்ரே போதாது.

பெரிய குறை, குப்பியை உடம்பில் மாட்டிக்கொள்ளும் உறைதான். பல கம்பெனிகள் அதைத் தனியாக விற்கின்றன. முதுகுப் பைக்குள் கிடக்கும் குப்பியால் பயனில்லை: பாயும் கரடி விநாடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் வரும். இடுப்பிலோ மார்பிலோ மாட்டுங்கள்.

பாதுகாப்புக் கிளிப்பைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து, சுமார் 9 மீட்டரில், முகத்துக்குச் சற்றுத் தாழ்வாக 2 விநாடி அடிக்க வேண்டும். மேகம் மேலெழும், கரடி அதற்குள் நுழையும். எதிர்க்காற்றில் உங்கள் கண்ணும் எரியும். கடுங்குளிரில் பீச்சும் தூரம் குறையும்.

கூடாரத்தின்மேல் தெளிக்காதீர்கள், காய்ந்த மிச்சத்தின் வாசனை கரடியை இழுக்கும். வெயிலில் நிற்கும் காரில் குப்பி வெடிக்கலாம். விமானத்தில் அனுமதியில்லை. காலாவதித் தேதி தாண்டினால் அழுத்தம் குறைந்திருக்கும், மாற்றிவிடுங்கள்.