பஞ்சிகாவத்தையில வாங்கின அலுமினிய ரேடியேட்டர்: ஒரு வருஷம் ஓடின பிறகு

நம்மகிட்ட இருக்கிறது 1990 மஸ்டா எம்எக்ஸ்-5, தினமும் ஹட்டன்ல இருந்து நுவரெலியாவுக்கு வேலைக்குப் போய் வர்ற கார். பழைய ரேடியேட்டரோட மேல் பிளாஸ்டிக் டாங்கி பழுப்பாகிப் போயிருந்திச்சு, ஒருநாள் நானுஓயா ஏத்தத்துல என்ஜின் சூடு காட்டுற ஊசி மேல ஏறவும் நிப்பாட்டிப் பார்த்தா விளிம்போரம் மயிரிழை வெடிப்பு, கூலன்ட் (என்ஜினைக் குளிர வைக்கிற திரவம்) கசிஞ்சு பச்சையா காஞ்சு கிடக்குது. புதுசு வாங்க கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைத்தெருவுக்குப் போனேன், கடைக்கார அண்ணன் சேஸி நம்பர் கேட்டுத்தான் சாமானை எடுத்துத் தந்தாரு, அது பெரிய விஷயம். நானே மாத்தினேன், ஃபேன் பிராக்கெட் ஓட்டை மட்டும் பொருந்தல, அரம் போட்டு ராவ வேண்டியதாப் போச்சு, அதுக்கு ஒரு மார்க் குறைப்பேன். கூலன்ட் ஊத்தினதும் காரோட மூக்கை மேட்டுப் பக்கம் வச்சு காத்தை முழுசா வெளியேத்துங்க, இல்லாட்டி ஹீட்டர் சூடே வராது, நுவரெலியா காலைக் குளிருக்கு அது கட்டாயம் வேணும். இப்போ எந்த ஏத்தத்துலயும் ஊசி பாதியைத் தாண்டுறதில்ல.