பச்சை ஐகானைப் பார்த்து போலி வாட்ஸப்புல ஏமாந்துட்டேன், பவர்டேபிள்காரங்க கொஞ்சம் கவனிங்க

திருப்பூர் வேலம்பாளையம் பக்கம் 12 மெஷின் போட்டு பவர்டேபிள், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் துணி தெச்சுக் குடுக்குற யூனிட், நடத்துறேனுங்க. அளவுச் சீட்டு, கலர் போட்டோ, டிசி (சரக்கு அனுப்புற சீட்டு), கம்பெனிக்காரர் சரின்னு சொன்னது எல்லாமே வாட்ஸப்லதான் கெடக்கும்.

ஆடி மாசம் ஒரு பையன் வந்தாப்ல. "பிசினஸ் வாட்ஸப்புங்ணா. ஒரே போன்ல மூணு நம்பர். ஒரிஜினல்ல ஒரே மெசேஜை மொத்தமா அனுப்புற பிராட்காஸ்ட் லிஸ்ட்டுக்கு 256 பேருதான், இதுல எத்தனை பேருக்கு வேணா போகும்." அந்த 256 கணக்கு நெசம். அதனாலயே மத்ததையும் நம்பிட்டேன். வருசத்துக்கு 3,500 ரூபா. பிளே ஸ்டோர்ல இருந்து எறக்கலை, அவர் போன்ல இருந்து ஒரு ஃபைலை அனுப்பி ஏத்தினாப்ல. என் போன் எச்சரிச்சுது. "எல்லாத்துக்கும் வர்றதுதானுங்ணா"ன்னு அவரே ஓகே தட்டிட்டார்.

பத்தொம்பதாம் நாள் காலைல கணக்கு தற்காலிகத் தடைன்னு வந்துச்சு, கீழ நேரம் ஓடுது. போன் பண்ணுனா, "சர்வர் டவுனுங்ணா, அழிச்சுட்டு இதையே மறுபடி ஏத்துங்க"ன்னாப்ல. ஏத்துனேன். ரெண்டாம் தடவை நம்பரே மொத்தமா முடங்கிப்போச்சு.

இந்தப் பொய்தானுங்க எனக்கு ஆறவே மாட்டேங்குது. தற்காலிகத் தடைங்கிறது, இந்த மாதிரி போலி ஆப் வெச்சிருக்கவங்களுக்கு வாட்ஸப் குடுக்குற எச்சரிக்கை. அப்பவே அசல் ஆப்புக்கு மாறியிருந்தா பதினோரு வருச நம்பர் தப்பிச்சிருக்கும். 3,500 போனாப் போகுது, அந்த ஒரு நாள் உண்மையச் சொல்லியிருக்கலாம்.

தெரியாம வித்தார்னும் சொல்ல முடியாது. 2015 ஜனவரிலயே வாட்ஸப் பிளஸ்ங்கிற இதே மாதிரி வெளியாளுங்க பண்ணுன ஆப்பை வெச்சிருந்தவங்களை வாட்ஸப்காரங்க 24 மணி நேரம் தடுத்தாங்க. கம்ப்யூட்டர் படிக்கிற என் பையன் 1999 கதையே சொல்றான்: மைக்ரோசாஃப்ட் தன்னோட மெசஞ்சர்ல இருந்து, ஏஓஎல்ங்கிற போட்டி கம்பெனியோட மெசஞ்சர் வெச்சிருந்த ஆளுங்களோட பேச வழி பண்ணுச்சாம், ஏஓஎல் அடைக்க அடைக்க இவங்க வேற வழில நுழைஞ்சாங்களாம். அடுத்தவங்க சர்வர்ல நுழைஞ்ச அவ்வளவு பெரிய கம்பெனியவே திரும்பத் திரும்ப அடைச்சாங்கன்னா, பையில ஃபைல் வெச்சு விக்கிறவர் என்ன உத்தரவாதம் தர முடியும்?

வாட்ஸப் பிசினஸ் ஆப் 2018-ல இருந்து இலவசம். ஆண்ட்ராய்டு போன்ல அசல் ஆப்புலயே ரெண்டு கணக்கு வெச்சுக்கலாம்னு 2023 அக்டோபர்ல அறிவிச்சுட்டாங்க. எனக்குத் தேவைப்பட்டதே அவ்வளவுதானுங்க.

ரசீது கேட்டேன். "ஜிபே பண்ணீட்டீங்கல்ல, அதான் ரசீது"ன்னாப்ல. இப்ப அவர் போனே எடுக்கறதில்லை. பெரிச்சிபாளையம் பக்கம் சுத்துறதா கேள்வி.

கட்டிங் மாஸ்டர் போன்ல இருந்து ஒவ்வொரு கம்பெனியாக் கூப்பிட்டு பழைய அளவுச் சீட்டைத் திருப்பி வாங்கிட்டு இருக்கோம். ரெண்டு பேர் இன்னும் அனுப்பலை. ஒருத்தரோட 640 பீஸ் கணக்குக்கு எங்கிட்ட இப்ப அத்தாட்சியே இல்லைங்க.